ஓடாத காரின் வாராந்தர அறிக்கை

தட்சிணாமூர்த்தி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். கார் நிறுத்தும் ஸ்டிக்கரை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தார்.

டில்லியில் அரசு அலுவலக வளாகத்துக்குள் கார் நிறுத்த ஒரு ஸ்டிக்கர் வேண்டும். அதற்காக மனிதர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், சிபாரிசு பிடிக்கிறார்கள், ஓய்வு பெற்ற பிறகும் கண்ணாடியிலிருந்து அதைக் கிழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் கார்களில்கூட ஒட்டியிருக்கிறது. தானாகத் திருப்பிக் கொடுத்தவர் என்று அந்த வாரியத்தின் சரித்திரத்தில் ஒருவரும் கிடையாது. இவர் கொடுத்தார். சும்மா கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார். இருபத்தாறு வருஷம் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? கூடவே ஒரு கடிதமும் வைத்தது. பெட்ரோல் விலை மூன்றாம் முறையாக ஏறிவிட்டதால் தன்னுடைய சிறிய காரை அலுவலகத்துக்கு எடுத்து வருவதில்லை என்றும், வீடு இருக்கும் துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வந்துபோவதாகவும், தன் இடத்தை வேறு யாருக்காவது ஒதுக்கலாம் என்றும் ஹிந்தியில் எழுதியிருந்தார்.

அது எந்த வாரியம் என்று சொல்லிவிடுகிறேன். கோல் மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஐந்து மாடிக் கட்டடம். 'அகில பாரத எரிபொருள் சிக்கன மற்றும் சிறுவாகன மேம்பாட்டு வாரியம்' என்று வாசலில் பலகை. மூன்றாவது மாடிக்காரர்களின் வேலை, எல்லோரும் சிறிய கார் வாங்க வேண்டும் என்று பிரசாரம் செய்வது. நான்காவது மாடிக்காரர்களின் வேலை, யாரும் காரை வெளியே எடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்வது. இரண்டு மாடிகளுக்கும் தலைவர் ஒருவரே, சோப்ரா என்று பெயர். அவர் ஐந்தாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் மூன்றிலும் நான்கிலும் நிற்காமல் நேரே ஐந்துக்குப் போக அவரிடம் தனிச் சாவி இருந்தது. வளாகத்தில் வாரியத்தின் பதினாலு வெள்ளை வண்டிகள் நிற்கும். எல்லாம் படி வைத்து ஏறுகிற உயரம். வெயிலுக்குப் பயந்த டிரைவர்கள் எஞ்சினை அணைக்காமல் ஏ.சி. போட்டுக்கொண்டு உள்ளேயே தூங்குவார்கள்.

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து இரண்டு மாடிகளுக்கும் கஷ்டகாலம். சிறிய கார் விற்பனை படுத்துவிட்டது. பெரிய கார் வாங்குகிறவனுக்கு விலை ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான். மாதச் சம்பளத்தில் கணக்குப் போட்டுச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று நினைத்தவன்தான் ஷோரூம் வாசல்வரை வந்து, பங்க்கில் தொங்கும் விலையை நினைத்துக்கொண்டு, திரும்பிப் போய் மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். இது தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாரியம் யாரையும் கேட்கவில்லை. மூன்று கமிட்டி போட்டது. அதில் ஒன்று காரணத்தைத் தேடி ஸ்விட்சர்லாந்து வரை போய்விட்டு வந்தது.

இந்த நேரத்தில்தான் தட்சிணாமூர்த்தியின் கடிதம் மேலே போயிற்று.

துணை இயக்குநர் ப்ரசன்னா கூப்பிட்டனுப்பினார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்திரண்டு வயது. தமிழ் பேசுவார், படிக்க வராது.

"தட்சிணா ஜி, பைட்டியே, உக்காருங்க. இந்த லெட்டர் நீங்களே எழுதினதா? கமால்! அசத்திட்டீங்க."

"வேற யாருக்காச்சும் இடம் உபயோகப்படுமேன்னு எழுதினேன் சார்."

"உங்ககிட்ட சின்னக் கார் இருக்கு, ஹை நா? ஆனா ஓட்டறதில்ல. தேர்ட் ஃப்ளோர் குஷ், ஃபோர்த் ஃப்ளோரும் குஷ். இப்படி ஒரு ஆத்மிய, ஒரு ஆளத்தான் பூரா இந்தியாவுல தேடிட்டிருந்தோம். இந்த பில்டிங்லயே இருக்கீங்க."

"சுத்தமா ஓட்டறதில்லன்னு இல்ல சார். வாரத்துல ரெண்டு நாள் வீட்டுக்கு வேணும்."

"அச்சா, அச்சா. அதெல்லாம் சின்ன விஷயம்."

சின்ன விஷயம் அல்ல. தட்சிணாமூர்த்தியின் மனைவி மேகலா, புசா ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். முட்டி மடங்கவில்லை. தையல் பிரித்ததும் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இந்த ஆறு வாரத்துக்குள் மடங்கினால் மடங்கியதுதான். விட்டால் அப்படியே இறுகிவிடும்" என்றும் சொன்னார். மேகலாவின் வகுப்பு இரண்டாவது மாடியில். முட்டி மடங்காவிட்டால் படி ஏற முடியாது, படி ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். சின்னக் காரின் முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் காலை நீட்டிக்கொண்டு உட்கார இடம் சரியாக இருந்தது. அந்த இரண்டு நாளைக்கான பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் மனிதர் மெட்ரோவுக்கே மாறியிருந்தார்.

அடுத்த வாரம் அவர் 'ஆதர்ச சிறுகார் உரிமையாளர்' என்று ஆணை பிறந்தது. அரையாண்டு அறிக்கைக்குப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆணையின் கீழே ஒரு நிபந்தனை இருந்தது. கார் ஓடவில்லை என்பதை வாரியம் நேரில் சரிபார்க்கும். அதற்காக ஒவ்வொரு திங்கட்கிழமையும் காரை அலுவலகத்துக்கு ஓட்டிவந்து மீட்டரைக் காட்ட வேண்டும்.

தட்சிணாமூர்த்தி இரண்டு முறை படித்துப் பார்த்தார். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார். அரசு ஊழியர்களுக்கு இந்த நோய் உண்டு, ஆணை பைத்தியக்காரத்தனமாக இருந்தால் பைத்தியம் தமக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதல் திங்கட்கிழமை இருபத்து நாலு கிலோமீட்டர் ஓட்டிவந்து காட்டினார். குறித்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு ஓட்டிப் போனார், அந்த வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார், மறு திங்கள் மறுபடி ஓட்டிவந்தார். மீட்டர் எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஏறியிருந்தது. மத்தியானம் மெமோ வந்தது: 'ஓடாத கார் எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியது எப்படி?'

"நாப்பத்தெட்டு கிலோமீட்டர் இங்க காட்ட வந்துபோனது சார்" என்றார் ப்ரசன்னாவிடம்.

"அது ஓகே. அது அஃபிஷியல் ஓட்டம், எரிபொருள் செலவுல சேராது. மீதி இருபத்து நாலு?"

"ஆஸ்பத்திரி சார். சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா லெட்டர்ல எழுதலியே தட்சிணா ஜி. லெட்டர்ல கார் எடுக்கறதில்லன்னு இருக்கு."

"அலுவலகத்துக்கு எடுத்து வரதில்லன்னுதான் சார் எழுதினேன்."

"இங்க்லீஷ் சம்மரியில அலுவலகம் விட்டுப்போச்சு. சேர்மன் சாப் சம்மரிதான் படிப்பார்."

திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். அரையாண்டு அறிக்கை அச்சாகிவிட்டது, உங்கள் படம் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது, அச்சானதிலிருந்து யாரும் விலக முடியாது என்றார் ப்ரசன்னா. ஆனால் அவருடைய சிரமத்தை உணர்ந்து, இனிமேல் அவர் வர வேண்டாம், வாரியமே வீட்டுக்கு வந்து பார்க்கும் என்று சலுகை கொடுத்தார்.

வாரியம் வந்தது. மூன்று வெள்ளை வண்டிகளில் ஒன்பது பேர் துவாரகா குடியிருப்புக்குள் நுழைந்தார்கள். மூன்று எஞ்சினும் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டு மணி நேரம் இருந்தார்கள். ஒருவர் மீட்டரைப் படமெடுத்தார். ஒருவர் பானெட்டின் மேல் படிந்த தூசியைக் கைக்குட்டையால் தொட்டு, ஸ்கேலால் அளந்து, 'திருப்திகரம்' என்று எழுதினார். தூசி இருந்தால் கார் ஓடவில்லை என்பதற்கு அது சான்று. ஆகவே இனிமேல் காரைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் ஆவணத்தை அழித்ததாகும் என்று எச்சரித்தார்கள். பிறகு ஒரு பையன் மெழுகுவர்த்தி ஏற்றி அரக்கைக் காய்ச்சினான். பெட்ரோல் மூடியின் மேல் அரக்கை ஊற்றிப் பித்தளை முத்திரையை அழுத்தினார்கள். டிரைவர் பக்கக் கதவுக்கு வெள்ளைத் துணி நாடாவைக் குறுக்கே கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முத்திரை வைத்தார்கள்.

குடியிருப்பே பால்கனியில் நின்று பார்த்தது. பலரும் செல்போனில் படம் பிடித்தார்கள். மூன்றாவது மாடி குப்தா சாயங்காலம் இறங்கிவந்து, இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் சொல்லவே இல்லையே என்ற மரியாதையோடு, ரெய்டில் எவ்வளவு அகப்பட்டது என்று ரகசியமாகக் கேட்டார்.

மேகலா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"என்னங்க இது, நம்ம வண்டிக்கு எவனோ வந்து சீல் வெக்கிறான், பாத்துட்டு நிக்கிறீங்க?"

"மனு குடுத்தா ஆஸ்பத்திரிக்கு மட்டும் திறந்து விடுவாங்க. ப்ரசன்னா சார் சொல்லியிருக்காரு."

"நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்குள்ள ஆயிடும்."

ஆகவில்லை. அரக்கை உடைத்தால் அரசு முத்திரையைச் சேதப்படுத்திய குற்றம். ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருந்தது. வாடகைக் காரைக் கூப்பிட்டால், எரிபொருள் விற்கிற விலையில் ஆறு கிலோமீட்டருக்கு யார் வருவது என்று டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்து செய்தார்கள். வந்த ஒருவரும் முன் சீட்டில் ஆள் ஏற்றமாட்டேன் என்றார். ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தார்கள். மடங்காத கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இழுத்தபோது மேகலா உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு அழுதேவிட்டாள். பாதி வழியில் திரும்பினார்கள்.

மனு ஏழு பேர் கொண்ட கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டி வியாழன்தோறும் கூடும். முதல் வியாழன், மனுதாரரின் மனைவியால் ஆட்டோவில் ஏற முடியாது என்பதற்கு டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். கொடுத்தார். இரண்டாம் வியாழன், ஆட்டோவின் உட்புற அளவுகள் கேட்டார்கள். மனிதர் மெட்ரோ வாசலில் டேப்பும் கையுமாக ஒரு ஆட்டோவுக்குள் குனிந்து நீள அகலம் எடுத்தார். ஆட்டோக்காரன், வாங்குவதற்குத்தான் பார்க்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தான். விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று அவனும் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தானாம்.

மூன்றாம் வியாழன் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. 'மனுதாரரின் மனைவிக்கு முட்டி மடங்காததால் ஆட்டோவில் ஏற முடியவில்லை. சிகிச்சை முடிந்தால் முட்டி மடங்கும். முட்டி மடங்கினால் ஆட்டோவில் ஏறலாம். ஆகவே சிகிச்சைக்கு ஆட்டோவில் செல்வதில் நிரந்தரத் தடை ஏதும் இல்லை. கார் தேவையற்றது. மனு முடித்துவைக்கப்பட்டது.'

ஏழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக்கூடக் கை கூசவில்லை. படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், அன்று சாயங்காலம் தங்கள் மனைவிமார்களை வாரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு சரோஜினி நகருக்குத் துணி வாங்கப் போனவர்கள்.

இப்படியே ஐந்து வாரம் போயிற்று. போயிருக்க வேண்டிய பத்து நாட்களில் மேகலா போனது நாலு. இரண்டு சீல் வைப்பதற்கு முன்னால். மற்ற இரண்டு, மனமிரங்கிய இரண்டு வாடகைக் கார் டிரைவர்களின் புண்ணியம். பயிற்சி கொடுக்கும் பெண், இந்த வாரமும் வராவிட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். வீட்டில் மேகலா நாற்காலியில் உட்கார்ந்து தானாக முட்டியை அழுத்திப் பார்ப்பாள். கொஞ்சம் போகும், அப்புறம் நிற்கும். தட்சிணாமூர்த்தி அந்த நேரம் அடுக்களைக்குள் போய்விடுவார். பார்க்கத் தைரியம் இல்லை.

அப்போதுதான் ப்ரசன்னா விழாச் செய்தியோடு வந்தார். சிறிய கார் விற்பனையைத் தூக்கி நிறுத்த வாரியம் துவாரகாவில் ஒரு ஷோரூமிலேயே விழா நடத்துகிறது. ஆதர்ச உரிமையாளருக்கும் மனைவிக்கும் தலைவர் கையால் சால்வை.

"வெள்ளிக்கிழமை, தட்சிணா ஜி. மேடம் ஜரூர் வரணும். சேர்மன் சாப் முன்னாடி ஒரு மனு குடுத்துடுங்க. அவர் வாயால சொன்னார்னா கமிட்டி கிமிட்டி எதுவும் வேணாம், அங்கேயே சீல் உடைச்சிடுவோம். ஆஸ்பத்திரி அங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்தானே? அப்படியே கூட்டிட்டுப் போயிடுங்க."

அதிகாரிகளில் இந்த ஒருவர் சொன்னதில்தான் ஒரு வார்த்தை மனுஷத்தனமாக இருந்தது. தட்சிணாமூர்த்தி அன்று இரவே மனுவை எழுதினார். மூன்றே வரி. எதுவும் விட்டுப்போகாமல் இருக்க ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காரைக் கொண்டுபோக ஒரு லாரி வந்தது. கார் ஓடக் கூடாதல்லவா, அதனால் லாரி மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். தம்பதியை அழைத்துப் போக வெள்ளை வண்டி ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதன் படி மேகலாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. மூன்று பேர் பிடித்துத் தூக்கியும் கால் ஒத்துழைக்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைக் கெஞ்சி, பின் சீட்டில் மேகலாவைக் குறுக்காகச் சாய்த்து, கால் கட்டை விரல் வெளியே தெரிய, ஊர்ந்துகொண்டு போனார்கள்.

ஷோரூம் மேனேஜர் ஸ்ரீதர் வாசலில் நின்றிருந்தான். திருச்சிப் பக்கத்துப் பையன், கழுத்து இறுகிய டையோடு எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்தான். தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"உக்காருங்கம்மா. வாரியத்துக்காரங்கள விட்டா, இந்த மாசம் இந்த வாசப்படி மிதிச்ச மொத ஆளுங்க நீங்கதான்."

"வியாபாரம் எப்படிப்பா?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி.

"முன்னாடியெல்லாம் வர்றவங்க மைலேஜ் கேப்பாங்க சார். இப்ப வெளியவே நின்னு பக்கத்துல மெட்ரோ எங்கேன்னு வழி கேக்குறாங்க. போன மாசம் ரெண்டு வண்டி வித்தேன். ஒண்ணு திரும்பி வந்துடுச்சு."

முன்வரிசைகளில் வாரியத்து ஊழியர்களை உட்காரவைத்திருந்தார்கள். தலைவர் சோப்ரா ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, ஹிந்தியில் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்கிறார்கள். எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக நான் என் பணத்தில் பெட்ரோல் போட்டதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் என்னால் பாரபட்சமில்லாமல் முடிவெடுக்க முடிகிறது.

"மக்கள் ஏன் சிறிய கார் வாங்குவதில்லை? வாங்கினால் ஓட்ட வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை இன்று நாங்கள் போக்கிவிட்டோம். வாங்குங்கள், ஓட்டாதீர்கள். வாங்கினால் தொழில் வளரும். ஓட்டாமல் இருந்தால் எண்ணெய் மிஞ்சும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று இந்தக் குடும்பம் காட்டியிருக்கிறது.

"சிலர் கேட்கிறார்கள், வாரியத்தின் வண்டிகள் ஏன் இவ்வளவு பெரியவை என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், சிறிய கார் யாருடையது? சாமானிய மக்களுடையது. மக்களுடையதை அதிகாரிகள் எடுத்துக்கொள்வது நியாயமா? எங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை."

லாரி மேல் மாலையும் தூசியுமாக நின்ற காரைக் கையால் காட்டினார். பிறகு சால்வைக்காகத் தம்பதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

மேடைக்கு மூன்று படி. மேகலா ஊன்றுகோலோடு முதல் படிக்குக் கீழே வந்து நின்றாள். தட்சிணாமூர்த்தி அவளுக்குப் பின்னால், சட்டைப் பைக்குள் விரலை விட்டு மனுவைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவள் ஏறவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். தலைவருக்குப் பெருந்தன்மை வந்து, மைக்கோடு தாமே கீழே இறங்கிவந்தார்.

"காலில் என்ன, சகோதரி?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

மேகலா பயப்படவில்லை. டீச்சர், பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசத் தெரியும். நிதானமாக ஹிந்தியில் சொன்னாள்.

"எலும்பு முறிந்தது. ஆறு வாரத்துக்குள் பயிற்சி செய்தால் முட்டி மடங்கும் என்றார்கள். அந்தக் காரில்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். நீங்கள் அதற்குச் சீல் வைத்துவிட்டீர்கள். இன்றோடு ஆறு வாரம். மடங்கவில்லை."

ஸ்ரீதர் ரோஜாப்பூத் தட்டைக் கீழே வைத்தான். ப்ரசன்னா தன் ஷூவைப் பார்த்தார். சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாயிற்று, இனி ஒரு காகிதத்தை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. தலைவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார்.

அவர் மேகலாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன், அந்த மாதிரி ஆட்களுக்கு நிஜமாகவே வரும். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"கேட்டீர்களா? தன் காலையே கொடுத்திருக்கிறார் இந்தச் சகோதரி. ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தொடவில்லை. இதற்குப் பெயர்தான் தேச சேவை."

கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று தட்டினார், உடனே எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு நிமிஷம் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே தலைவர் மேகலாவின் தோளில் சால்வையைப் போட்டு, படமெடுக்க நின்று, கும்பிட்டு, வெளியே போய் வெள்ளை வண்டியில் ஏறினார். கைதட்டல் நின்றபோது அவர் வண்டி பெரிய சாலைக்குத் திரும்பிவிட்டிருந்தது.

ஆட்டோவில் வந்த குலுக்கலில் கால் வீங்கியிருந்தது, பயிற்சி தாங்காது என்று அதே ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மேகலா பின் சீட்டில் குறுக்காகச் சாய்ந்திருந்தாள். தட்சிணாமூர்த்தி டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரை ஏற்றிய லாரி அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ஆட்டோ சிக்னலுக்கு நின்றது.

"என்னங்க" என்றாள் மேகலா. "மனுவக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"பக்கத்துலயே நின்னாரே. ஏன் குடுக்கல?"

தட்சிணாமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது.

"கை தட்டிட்டு இருந்தேன்" என்றார்.